ராப்புக்குத் தடை கேட்கும் நண்பருக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விழாக்களிலும் தனியார் பஸ்களிலும் ராப் பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்டு எங்கள் ஊரிலிருந்து ஒரு கடிதம் உங்களுக்கு வந்திருக்கும், இல்லாவிட்டால் இந்த வாரத்துக்குள் வந்துவிடும். எழுதியவர் தமிழாசிரியராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், என் நீண்டநாள் நண்பர். அதன் அடியில் இருக்கும் பெயர்களில் என் பெயர் இருக்காது. என்னிடமும் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, ஏன்னு நாலு வரி எழுதிக் கொடுங்க பார்ப்போம்" என்றார். நாலு வரியில் அடங்குகிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அவரும் உங்கள் பத்திரிகையைத்தான் டெண்டர் விளம்பரம் உட்பட ஒன்றுவிடாமல் படிக்கிறார், எப்படியும் கண்ணில் படும்.

பஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கும்பகோணம் போகிற பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தால் காது போய்விடும், உண்மைதான். ஆனால் அது ராப்பாக இருந்தாலும் போகும், இளையராஜாவாக இருந்தாலும் போகும், அம்மன் பாட்டாக இருந்தாலும் போகும். சத்தம் வேறு, சரக்கு வேறு. சத்தத்தைக் குறை என்று தனியாக மனு எழுதினால் நானும் கூட வருகிறேன்.

இனி சரக்கு. நண்பர் சொல்வது என்னவென்றால், ராப் என்பது பாட்டே இல்லை, தாளம் போட்ட வசவு. கொலை, கஞ்சா, துப்பாக்கி, பெண்களைக் கேவலமாகப் பேசுவது, 'நான்தான் பெரிய ஆள்' என்று மார்தட்டுவது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது; இப்படிப் பாடுகிறவன் இப்படித்தான் வாழ்ந்துகொண்டிருப்பான், கேட்கிற பையனும் நாளைக்கு அப்படித்தான் ஆவான், ஆகவே இது ஒழுக்கக்கேடு. பாட்டே இல்லை என்கிறாரே, அது ரசனை, விட்டுவிடலாம். எனக்கும் பல ராப் பாட்டுகள் பிடிக்காது. ஆனால் 'பாடுகிறவன்தான் செய்கிறவன்' என்கிற அந்தக் கடைசிப் பேச்சு இருக்கிறதே, அதில்தான் எனக்குச் சண்டை.

நான் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். எங்கள் ஆபீசுக்கு வருகிற அடிதடி எஃப்.ஐ.ஆர். பாதியில் ஒரே வாசகம்தான் இருக்கும்: ஆபாசமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294 பி, 323, 506. கோர்ட் பக்கம் போனவர்களுக்கு இந்த மூன்று நம்பரும் வீட்டுக் கதவு எண் மாதிரி மனப்பாடம். என்ன வார்த்தையால் திட்டினான் என்பதைப் போலீஸ்காரர் உள்ளது உள்ளபடி எழுதியிருப்பார், ஜாமீன் மனுவோடு சேர்க்க நான் அதை ஒரு எழுத்து விடாமல் டைப் அடித்திருப்பேன். டெல்டா மாவட்டத்தில் புழங்குகிற வசவு அத்தனையும் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. அதற்காக என்னை யாரும் ஒழுக்கம் கெட்டவன் என்று சொன்னதில்லை, நண்பரே சொன்னதில்லை.

அதே கோர்ட்டில் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம். பழைய சாட்சியச் சட்டத்தில் 54-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருத்தன் கெட்ட நடத்தை உள்ளவன் என்பதைக் காட்டி, ஆகவே இந்தக் குற்றத்தையும் இவன்தான் செய்திருப்பான் என்று சொல்ல முடியாது. அவன் தரப்பே 'இவர் ரொம்ப நல்லவர்' என்று சாட்சி கொண்டுவந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். 1872-லிருந்து இருந்த சட்டம், 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபிறகும் அந்த விதி போகவில்லை. கெட்டவன் என்று ஊருக்கே தெரிந்தவனுக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், வெறுமனே கெட்டதைப் பாடினவன் கதி என்ன?

இது வெறும் தர்க்கம் இல்லை, நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2005-ல் ஒரு துப்பாக்கிச்சூடு. அதில் பிடிபட்ட ஓர் இளைஞர் ராப் எழுதுகிறவர், காரில் அவருடைய நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. வழக்கு விசாரணையில் அரசுத் தரப்பு அந்த நோட்டிலிருந்து 13 பக்கத்தை ஜூரிக்கு வாசித்துக் காட்டியது. அதில் பல வரிகள் சம்பவம் நடப்பதற்குப் பல வருஷம் முன்பே எழுதியவை, சுடப்பட்டவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவற்றில் இல்லை. இருந்தாலும் கேட்ட ஜூரிக்கு என்ன தோன்றும்? நம் நண்பருக்குத் தோன்றுகிற அதேதான். கொலை முயற்சி என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, கடைசியில் 2014-ல் அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது. குற்றத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத கற்பனை வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஷெரீஃபைச் சுட்டேன் என்று பாப் மார்லி பாடினார், அதற்காக அவர் யாரையாவது சுட்டார் என்று நினைக்கிறோமா? எட்கர் ஆலன் போவின் கதையில் ஒருவன் பிணத்தைத் தரைப்பலகைக்கு அடியில் மறைக்கிறான், அதற்காகப் போவின் வீட்டைத் தோண்டினோமா? கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான் நீதிபதிகளும் போட்டிருந்தார்கள்.

அட்லாண்டாவில் யங் தக் என்ற பெரிய ராப் பாடகர் மேல் 2022 மே மாதம் கும்பல் குற்றச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். குற்றப்பத்திரிகையிலேயே பாட்டு வரிகள். அவற்றைச் சாட்சியாகக் காட்டலாம் என்று 2023 நவம்பரில் நீதிபதி அனுமதியும் கொடுத்தார். ஜார்ஜியா மாநிலத்திலேயே மிக நீளமாக நடந்த கிரிமினல் விசாரணை அது. 2024 அக்டோபர் 31 அன்று அவர் சில குற்றங்களை ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். "பாத்தீங்களா, ஒப்புக்கிட்டான் பாருங்க" என்று நண்பர் குதித்தார். ஒப்புக்கொண்டார்தான், மறைப்பானேன். துப்பாக்கியும் போதைப்பொருளும் வைத்திருந்தால் அதற்கு உரிய சாட்சியை வைத்துத் தண்டிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? துப்பாக்கியைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதிய மகஜர் இருக்கும்போது எதுகை மோனையை எதற்குச் சாட்சியாக எக்ஸிபிட் போட வேண்டும்? கலிஃபோர்னியாவில் இதைப் பார்த்துத்தான், கலைப் படைப்புகளைச் சாட்சியாகக் காட்டுவதற்குக் கட்டுப்பாடு வைத்து 2022-ல் சட்டமே போட்டார்கள்.

இதை இவ்வளவு நீட்டக் காரணம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து 'ராப் பாடுகிறவன் ரவுடி' என்று சொன்னால் அது ஓர் அபிப்பிராயம். அதே வாக்கியத்தை அரசு வக்கீல் எழுந்து நின்று சொன்னால் ஒருத்தனுக்கு முப்பது வருஷம் போய்விடும்.

ராப் எங்கிருந்து வந்தது என்றும் நண்பருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்கிற ஏழைப் பகுதி. நெடுஞ்சாலைக்காக ஊரை நடுவில் பிளந்து, இருந்தவர்களைக் கிளப்பிவிட்ட இடம். எழுபதுகளில் கட்டடம் கட்டடமாக எரிந்துகொண்டிருந்தது. அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு பெண் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்கலாம் என்று தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஆட்டம் பாட்டம் வைத்தாள். இசைத்தட்டுப் போட்டவன் அவள் அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த டிஜே கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதியை வைத்துக்கொண்டு, ஜனங்கள் எழுந்து ஆடுகிற அந்தத் தாள இடத்தை மட்டும் மாற்றி மாற்றி நீட்டினான். மைக்கில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ராப் அடங்கிய ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள். பெண்களுக்கு டிக்கெட் 25 சென்ட், ஆண்களுக்கு 50. இதில் ஒழுக்கக்கேடு எங்கே என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் துப்பாக்கியும் வசவும் வந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காம்ப்டனிலிருந்து வந்த என்.டபிள்யூ.ஏ. என்ற குழு 1988-ல் போலீசைத் திட்டி ஒரு பாட்டுப் போட்டது. தலைப்பையே இங்கே எழுத முடியாது. அடுத்த வருஷம் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், இந்தப் பாட்டு போலீசுக்கு எதிரான வன்முறையைத் தூண்டுகிறது என்று. சரி, அந்தப் பாட்டு என்ன சொல்லியது? போலீஸ் எங்களைத் தோலின் நிறத்தைப் பார்த்து நிறுத்துகிறது, அடிக்கிறது என்றது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்பவரைப் போலீஸ்காரர்கள் சூழ்ந்து நின்று அடித்ததைப் பக்கத்து வீட்டு பால்கனியிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்துவிட்டார், உலகமே பார்த்தது. அந்தப் பாட்டின் பாஷை எனக்கும் கூசுகிறது. ஆனால் அதில் பொய் இருந்தது என்று இன்றைக்கு யாரால் சொல்ல முடியும்?

நண்பர் தமிழ் படித்தவர் என்பதால் அவருடைய மண்ணிலேயே ஒரு கேள்வி. கலிங்கத்துப்பரணியை எத்தனை வருஷம் வகுப்பில் நடத்தியிருப்பார்? போர்க்களத்தில் பேய்கள் பிணத்தைச் சமைத்துக் கூழ் காய்ச்சிப் பரிமாறிக் குடிக்கிற இடத்தை அவர் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன், குரலே மாறிவிடும், கை தானாகத் தாளம் போடும். அந்தச் சந்தத்தில் இருக்கிற ரத்தம் எந்த ராப்பிலும் இல்லை. அதிலேயே பெண்களைச் சிருங்காரமாகப் பாடுகிற கடைதிறப்புப் பகுதியைப் பாடத்தில் வைப்பதில்லை, ஏன் என்று அவருக்கும் தெரியும். காளமேகம் கோபம் வந்து திருமலைராயன்பட்டினத்தின் மேல் மண்மாரி பெய்யட்டும் என்று பாடினார் என்று ரசித்து ரசித்துச் சொல்வார். ஒரு ஊரையே அழித்துவிடு என்று பாடுவதற்குப் பெயர் என்ன? ஜெயங்கொண்டார் பாடினால் இலக்கியம், காளமேகம் பாடினால் வாக்குப் பலிதம், காம்ப்டன் பையன் பாடினால் மட்டும் எஃப்.ஐ.ஆரா?

இன்னொன்று, சின்ன வயதில் எங்கள் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு லாவணி வைப்பார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி, டேப் என்கிற தோல் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாட்டிலேயே வாதம். புராணத்தில் ஆரம்பித்து நடுராத்திரிக்கு மேல் எதிராளியின் குரல், உடம்பு, ஊர் எல்லாவற்றையும் இழுத்துவிடுவார்கள், கூட்டம் 'ஆங்!' என்று எழுந்து நிற்கும். பதில் பாட்டு அந்த நிமிஷமே வந்தாக வேண்டும், தடுமாறினால் தோல்வி. காலையில் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். அமெரிக்காவில் ராப் போட்டி என்று நடப்பதைப் பேத்தி போனில் காட்டியபோது எனக்கு ஒன்றும் அதிசயமாக இல்லை, டேப் மட்டும்தான் இல்லை.

சரி, பெண்களைப் பற்றிப் பாடுவது. இதில் நண்பருக்கு முக்கால்வாசி நியாயம் உண்டு, மழுப்ப மாட்டேன். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் பெண் என்றால் ஒரு உடம்பு, அவ்வளவுதான். 'அது வெறும் பாத்திரம், அது கதை' என்கிற என் வாதம் இங்கே பாதிதான் செல்லும், ஏனென்றால் நூறு பாட்டில் நூறு பாத்திரமும் ஒரே மாதிரி பேசினால் அது பாத்திரம் இல்லை, புத்தி. ஆனால் இதை முதலில் எதிர்த்தது யார் என்று பாருங்கள். டெலோரஸ் டக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி, மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போனவர், பென்சில்வேனியாவில் மாநிலச் செயலாளர் பதவி வகித்தவர். டைம் வார்னர் கம்பெனியின் பங்கை வாங்கி, 1995-ல் பங்குதாரர் கூட்டத்துக்கே போய், நீங்கள் விற்கிற இந்த வரிகளை இங்கே வாய்விட்டுப் படியுங்கள் பார்க்கலாம் என்று நிர்வாகிகளுக்குச் சவால் விட்டார். அந்த வருஷமே, ராப் இசைத்தட்டு வெளியிட்ட இன்டர்ஸ்கோப் என்ற கம்பெனியில் தனக்கிருந்த பங்கை டைம் வார்னர் விற்றுவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று? வேறொரு பெரிய கம்பெனி அதை வாங்கிக்கொண்டது, அதே பாட்டு, அதே விற்பனை. தடை என்றால் நடைமுறையில் இதுதான், கடையின் போர்டு மாறும்.

2004-ல் அட்லாண்டாவில் ஸ்பெல்மன் என்ற கறுப்பினப் பெண்கள் கல்லூரியில் நடந்ததைத்தான் நான் நண்பருக்கு அடிக்கடி சொல்வது. நெல்லி என்ற ராப் பாடகர் எலும்பு மஜ்ஜை தானத்துக்கு ஆள் சேர்க்க அங்கே வருவதாக இருந்தது, அவருடைய சகோதரிக்கு ரத்தப் புற்றுநோய். அவருடைய வீடியோ ஒன்றில் ஒரு பெண்ணின் பின்புறத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கிற காட்சி. மாணவிகள் வராதே என்று சொல்லவில்லை. வா, தானம் நடக்கட்டும், கூடவே அந்தக் காட்சியைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேசு என்றார்கள். அந்த முகாம் ரத்தானது. ராப் கேட்டு வளர்ந்த பெண்கள் அவர்கள். ராப் வேண்டாம் என்பது அவர்கள் பேச்சில்லை, இந்தக் காட்சிக்குப் பதில் சொல் என்பதுதான் பேச்சு. குவீன் லத்தீஃபா பெண்களைக் கேவலமான பெயரால் கூப்பிடுகிறவர்களை ராப்பிலேயே வெளுத்து வாங்கி 1995-ல் கிராமி விருதும் வாங்கினார். மேலே நின்று மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைவிட இவர்கள் கண்டனம் பலமாக விழுந்தது.

இங்கே இன்னொரு வேடிக்கை. ஹிப்ஹாப் தமிழாவை ஊரெல்லாம் தெரியவைத்த பாட்டு, பெண்கள் கிளப்புக்குப் போய்க் குடிப்பதைக் கண்டித்த அந்தப் பாட்டு, நண்பருக்குப் பிடிக்கும்! "இவன் பரவாயில்லை, பண்பாட்டைப் பேசுறான்" என்றார். என்னைக் கேட்டால் ஒழுக்க விசாரணை வைக்க வேண்டியது அதற்குத்தான். ஆண் குடித்தால் சோகம், பெண் குடித்தால் கலாசாரச் சீரழிவு என்கிற புத்தியை அது நல்ல பிள்ளை மாதிரி பாடிவிட்டுப் போகிறது. வார்த்தை சுத்தமாக இருந்தால் நண்பர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, வார்த்தை அழுக்காக இருந்தால் அதற்குமேல் கேட்பதே இல்லை.

அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' என்று பாடினது உலகம் சுற்றியதே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட பாட்டி வள்ளியம்மாளையும் ஒப்பாரியையும் ராப்பையும் ஒன்றாகக் கட்டினது, அதை அவர் ராப் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. "அது நாட்டுப்புறப் பாட்டுங்க" என்கிறார். 1994-ல் காதலன் படத்துப் பேட்டை ராப்புக்கு அவர் பள்ளி ஆண்டு விழாவில் பையன்கள் ஆடியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாரே என்றால், "அது தமாஷு" என்கிறார். பிடித்ததெல்லாம் ராப் இல்லை, பிடிக்காததெல்லாம் ராப் என்றால் வாதம் எப்படி நடக்கும்?

"உங்க பேத்தி முன்னாடி இதெல்லாம் போடுவீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார். சிலதைப் போட மாட்டேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது, கடைதிறப்பையும்தான் படித்துக் காட்ட மாட்டேன். வயதுக்கு ஆகாதது என்பது வேறு, அறத்துக்கு ஆகாதது என்பது வேறு. அவள் எப்படியும் போனில் கேட்கிறாள், கேட்டுவிட்டு என்னிடம் அர்த்தம் கேட்கும்போது முகத்தைச் சுளிக்காமல் பதில் சொல்ல ஒரு ஆள் வீட்டில் இருந்தால் போதும்.

கல்லூரிக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மேடையில் பாடப்போகிறவர்களிடம் வரிகளை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள், நாடகத்துக்கு ஸ்கிரிப்ட் வாங்குகிறீர்கள் அல்லவா, அதேபோல. ஒரு வரி தப்பாக இருந்தால் அந்த வரியைக் காட்டி, ஏன் என்று அந்தப் பிள்ளைகளிடமே பேசுங்கள். பொது இடத்தில் ஆபாசப் பாட்டுப் பாடினால் அதற்கு 294 பி-யின் இடத்தில் இப்போது 296 என்று பிரிவு இருக்கிறது, புதிதாக எந்தத் தடையும் தேவையில்லை. நண்பரின் கடிதத்திலும் 'ராப்' என்று மொத்தமாக எழுதாமல் எந்தப் பாட்டு, எந்த வரி என்று குறிப்பிடச் சொன்னேன். யோசித்துப் பார்த்தார், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பேரனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
தஞ்சாவூர்.